புளித்தோடைக்குக் கிடைத்த பெயர்

மூதூர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் அபூதாஹிர் இருமினால், குடாவுக்கு அக்கரையில் சீனன்குடாவிலே வெள்ளைக்காரன் கட்டிவைத்துவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் அத்தனையும் அதிரும். இது சற்றுக் கூட்டிச் சொல்வதுதான், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதிர்ந்தது ஒரேயொரு தாங்கி. அதுவும் வெறுந்தாங்கி. ஆனால் அந்த இருமல் இறங்குதுறை வரைக்கும் கேட்டது என்பதில் ஒரு சொல்லும் மிகையில்லை. திருகோணமலைக்குப் போகிற லோஞ்சில் ஏறி உட்கார்ந்தவர்கள் அதைக் கேட்டதும், "மோதினார் இப்பதான் தொண்டையத் திறக்கிறார், நேரம் கிடக்கு" என்று இறங்கிப் போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். லோஞ்சு ஓட்டுகிறவரும் அவர்களோடு போவார்.

அபூதாஹிரின் வாப்பா குடாவில் வள்ளம் வலித்தவர். சிறுவயதில் அபூதாஹிரின் வேலை வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நின்று ஆள் கூப்பிடுவது. "ஆள் ஏறுறது! ஆள் ஏறுறது!" என்று அவர் கூப்பிட்டால், பயணம் போக நினைக்காதவர்களும் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தக் குரலைக் கேட்ட பள்ளிவாசல் பெரியவர்கள், இதை வள்ளத்தில் விட்டுவைப்பது வீண் என்று தீர்மானித்துத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல அழைத்துக்கொண்டார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அதே வருடம் அது நடந்தது. அவருக்கும் றுக்கியாவுக்கும் கலியாணம் நடந்ததும் அதே வருடந்தான். ஆகவே சுதந்திரம் எப்படிப்பட்டது என்று கேட்டால் அவரால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடிந்ததில்லை.

பாங்கு சொல்வது ஆத்மாவுக்கு. வயிற்றுக்காக, பகலில் ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் நெல் ஆலையில் சாக்குக்குத் தையல் போட்டார். உமித்தூசி அங்கே மழை மாதிரிப் பெய்யும். இருமல் அங்கிருந்துதான் வந்தது. ஸைனுலாப்தீன் ஹாஜியார் பள்ளிவாசலுக்கும் தலைமை மரைக்கார், அதாவது பள்ளியில் எது நடக்கலாம், எது நடக்கக்கூடாது என்று முடிவு சொல்கிறவர். அவருடைய ஆலையில் உள்ளே போனது அவருடைய பள்ளியில் வெளியே வந்தது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இருக்கவில்லை.

நீண்டகாலமாக அந்த இருமல் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. றுக்கியாவுக்குத் தெரியும், வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டுக்குத் தெரியும், அவ்வளவுதான். அதை ஊருக்குக் கொடுத்தது சூறாவளி. அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழியில் வந்த அந்தக் காற்று, கூரைகளையும் வள்ளங்களையும் கொண்டுபோனது போதாதென்று, பாங்கு சொல்ல ஏறுகிற மினாராவின் படிகளையும் உடைத்துவிட்டுப் போயிற்று. மோதினார் ஏற இனி வழியில்லை. படியைத் திருத்துவதா, ஒலிபெருக்கி வாங்குவதா என்று பள்ளியில் நெடுநாள் கதைத்தார்கள். படிக்கு மேசன் வேண்டும். மேசனுக்கும் ஹாஜியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒலிபெருக்கி வந்தது.

கார் பற்றரியில் வேலை செய்கிற பெட்டி அது. திருகைத் திருப்பினால் முதலில் சிவப்பு விளக்கு எரியும். பிறகு பெட்டி சூடேறி, தேன்பூச்சிக் கூட்டைப்போல 'ம்ம்ம்' என்று முனகும். அபூதாஹிர் பாங்குக்காக நெஞ்சை நிரப்பி மூச்சை இழுப்பார். இழுத்த மூச்சோடு இருமல் கிளம்பும். இருமி முடிந்தபின் பாங்கு. முனகல், இருமல், பாங்கு: இந்த ஒழுங்கை மூதூர் ஒரு கிழமைக்குள் மனப்பாடம் செய்துவிட்டது.

அடுத்த நோன்பு மாதம் மாரியோடு சேர்ந்து வந்தது. வானம் காலையிலிருந்து மாலைவரை சட்டி அடிபோலக் கறுத்துக் கிடந்தது. சூரியன் விழுந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் ஏலாது. ஊர் முழுக்கக் கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைக் கேட்டிருந்தது. முதலாம் நோன்பன்று இருமல் கேட்டதும் கை கொஞ்சம் உயர்ந்தது, பாங்கு கேட்டதும் பழம் வாய்க்குப் போனது. சில நாள் போனதும் இருமலுக்கே பழம் வாய்க்குள் போய்விட்டது. பாங்கு கேட்கையில் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தார்கள். இது சரியா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஹாஜியாரிடம் நல்ல கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. இருமல் கேட்டதும் அவர் அதைச் சரிபார்த்துக்கொள்வார், கடிகாரத்தைத்தான் திருத்துவார்.

அபூதாஹிருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. அவர் பள்ளிக்குள் நின்று சொல்கிறவர். வெளியே யார் எப்போது மெல்லுகிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் பிற்பகல் அசர் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆனபின், சார்ஜ் போடத் திருகோணமலைக்கு அனுப்பிய பற்றரி மாலை லோஞ்சில் திரும்பி வந்தது. பற்றரி வேலை செய்கிறதா என்று பார்க்க அபூதாஹிர் அதைப் பெட்டியில் பூட்டித் திருகைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. பெட்டி முனகியது. திருப்தியோடு ஒரு மூச்சை இழுத்தார். இருமல் வந்தது. இருமி முடித்து, திருகை மூடி, துண்டால் பெட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கொஞ்சநேரத்தில் ஆட்கள் வரத்தொடங்கினார்கள். முன்னால் வந்தவர் அலியார். றுக்கியாவின் கூடப்பிறந்த தமையன், பள்ளித் தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிறவர். அவர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன மச்சான், பாங்க விழுங்கிட்டியா? சனம் தொழ வந்திட்டு, நீ பெட்டியக் குளிப்பாட்டிக்கிட்டு நிக்கிற."

"இன்னும் நேரம் வரல்லியே" என்றார் அபூதாஹிர். "நீங்க என்ன மென்றுக்கிட்டு வாறீங்க?"

அலியார் மெல்லுவதை நிறுத்தினார். அந்த நேரத்தில் கிண்ணியாப் பக்கமாக மேகம் கிழிந்தது. தென்னைகளுக்கு மேலே சூரியன் முழுசாக, சிவக்கக்கூடத் தொடங்காமல் நின்றது. அந்த மாரி முழுவதும் முகம் காட்டாத சூரியனுக்கு, அன்று அப்படி வெளியே வந்து நிற்க எந்தத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் பள்ளியில் கூட்டம். ஒரு நோன்பை ஊரே முறித்துவிட்டது. பெருநாளுக்குப் பிறகு ஊரே அதைக் களாவாகத் திருப்பிப் பிடிக்கவேண்டும். ஸைனுலாப்தீன் ஹாஜியார் நடுவிலிருந்து விசாரித்தார்.

"மோதினார், இருமினது நீங்கதானே?"

"இருமினது நான்தான் ஹாஜியார். நோன்பு திறந்தது நான் இல்ல."

"அது விளங்குது. உங்கட நோன்பு உங்களுக்குக் கிடக்கு, எங்கட நோன்புதான் போயிட்டு. இது என்ன நியாயம்?"

அபூதாஹிர் யோசித்துப் பார்த்தார். நியாயம் எங்கே போனது என்று அவருக்கும் தெரியவில்லை.

"இருமல வெளியில இருமிப்போட்டு உள்ள வரவேண்டியதுதானே" என்றார் ஒருவர்.

"கூப்பிட்டா வராது காக்கா. பாங்குக்கு மூச்செடுத்தாத்தான் வரும். வந்தாப் போகாது."

கடைசியில் ஹாஜியார் இரண்டு தீர்ப்புச் சொன்னார். முதலாவது, பெருநாளைக்கு முன்னம் இருமல் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் பெருநாள் தொடக்கம் அலியார் பாங்கு சொல்வார். இரண்டாவது, இனிமேல் இருமலை மட்டும் கேட்டு யாரும் வாய் திறக்கக்கூடாது. இருமலும் கேட்கவேண்டும், அதற்குப் பிறகு பாங்கும் கேட்கவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நோன்பு திறக்கிற நேரம். இரண்டு தீர்ப்பும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நிற்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் பசி.

அபூதாஹிர் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து குரலைத் தவிர அவரிடம் வேறு சொத்து இருந்ததில்லை. ஆலையில் சாக்குத் தைக்க யாராலும் முடியும். ஐந்து வேளையும் ஒரு ஊரைக் கூப்பிடுகிறவர் என்பதால்தான் றோட்டில் போகும்போது கடைக்காரர் எழும்பி நின்றார், பிள்ளைகள் வழிவிட்டார்கள். அதுவும் போனால், மிச்சமிருப்பது சாக்கூசி ஒன்றுதான்.

"உன்ட காக்கா அலியார் பாங்கு சொல்லப்போறாராம்" என்றார் றுக்கியாவிடம்.

"கேள்விப்பட்டன்" என்றாள் றுக்கியா. "உங்களுக்காக அழுறதா, ஊருக்காக அழுறதா எண்டு யோசிச்சுக்கிட்டு நிக்கிறன்."

அலியாரின் குரலைப் பற்றி அவள் கூடப்பிறந்தவள் என்பதால் அதற்குமேல் சொல்லவில்லை. கதவிடுக்கில் அகப்பட்ட ஆட்டுக்குட்டியை நினைத்துக்கொண்டால் போதும்.

இருமலுக்கு அதுவரை றுக்கியா செய்யாத கைமருந்து இல்லை. கொத்தமல்லி அவித்தாள், தேசிக்காய்ச் சாற்றில் தேன் விட்டாள், டிஸ்பென்சரியில் போத்தல் கொடுத்துச் சிவப்பு மருந்து வாங்கினாள். இருமல் எல்லாவற்றையும் குடித்துவிட்டுத் தெம்பாக இருந்தது. மிச்சம் இருந்தது புளித்தோடை. பார்த்தால் இனிப்புத் தோடம்பழம்போல இருக்கும். கடித்தவன் இரண்டாம்முறை அந்தப் பக்கம் பார்க்கமாட்டான். அதை அடுப்புச் சாம்பலில் புதைத்துத் தோல் கருகச் சுட்டு, தலையைச் சீவி, உப்பும் மிளகுத்தூளும் போட்டு, சூட்டோடு பிழிந்து குடித்தால் நெஞ்சுச் சளி அறுந்து விழும் என்று அவளுடைய உம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் ஊரிலிருந்த புளித்தோடை மரங்களைச் சூறாவளி வேரோடு சாய்த்துவிட்டது. தப்பியது ஒன்றேயொன்று. அது அடுத்த வளவில், அலியாருடைய மனைவி ஆமினா உம்மாவின் சீதன வளவில் நின்றது. அந்த வளவுக் கிணற்றடியில் ஒரு நாரத்தையும் தப்பித்தான் நின்றது. ஊறுகாய் போடுகிறவர்களைத் தவிர அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

றுக்கியா வேலியடிக்குப் போய்த் தமையனைக் கூப்பிட்டாள்.

"காக்கா, ரெண்டு புளித்தோடங்காய் தாங்களன். இவருக்கு இருமலுக்கு."

அலியார் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். கிளை முறியக் காய்த்திருந்தது.

"மரம் சூறாவளியில பயந்துபோய்க் கிடக்கு புள்ள" என்றார். "பெருநாள் முடியுமட்டும் அதில கைவைக்க ஏலாது."

அன்றிலிருந்து அலியார் ஒரு கதிரையைக் கொண்டுவந்து புளித்தோடையின் கீழே போட்டுக்கொண்டார். மழை பெய்தது. சாக்கொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தார். பள்ளித் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பப் போகும்போது மட்டும் எழும்புவார். அதற்கும் கதிரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவார். யாரும் கேட்டால், வேருக்குக் காவல் என்றார்.

ஆமினா உம்மா இரண்டு நாள் இதைப் பார்த்தாள். மூன்றாம் நாள் கிடுகு வேலியில் ஓட்டை இருந்த இடத்துக்கு வந்து, "புள்ள" என்று றுக்கியாவைக் கூப்பிட்டாள்.

"உன்ட காக்கா பாங்கு சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? சனம் தொழ வராது. யாருக்கு என்ன நடந்த எண்டு பாக்க ஓடி வரும்."

"நானும் அதத்தான் யோசிக்கிறன் மதினி."

"விடியச் சுபஹுக்கு அவரோட நானும் எழும்பித் தேத்தண்ணி போடவேணும், தொண்டைக்கு முட்டை அடிக்கவேணும். என்னால ஏலாது. நான் காயத் தாறன். பச்சையாத் தந்தா மணத்திலயே கண்டுபிடிச்சிருவார். என்ட அடுப்பிலயே சுட்டு, கஞ்சிச் சட்டியோட அனுப்புறன். நீ பிழிஞ்சு குடு. வாயத் திறக்காத."

நோன்பு நாளில் இந்த வீட்டுக் கஞ்சி அந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக் கஞ்சி இந்த வீட்டுக்கும் போவது வழக்கம். அதை யாரும் மூடி திறந்து பார்ப்பதில்லை. அலியாரின் கண்ணுக்கு முன்னாலேயே சட்டி வேலியைத் தாண்டிப் போனது. சட்டியின் பக்கத்தில், துணியில் சுற்றி, கரிக்கட்டைபோல உருண்டையாக ஒன்று இருந்தது. அலியார் அந்த நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

றுக்கியா அதன் தலையைச் சீவி, உப்பும் மிளகும் போட்டு, ஆவி பறக்கப் பிழிந்து கொண்டுவந்து வைத்தாள். அபூதாஹிர் ஒரு மிடறு குடித்தார். அவருடைய முகம் நாலு பக்கமிருந்தும் நடுவுக்கு வந்தது.

"இது புளிக்கல்லியே" என்றார், பேசக்கூடியதாக இருந்தபோது. "கசக்குது."

"மருந்து வேற என்ன செய்யும்? சூறாவளி பட்ட மரம். கசக்கத்தான் செய்யும்."

"தோல் கொஞ்சம் மொத்தமாயும் கிடக்கு."

"குடிக்கிறீங்களா, காக்காட பாங்கக் கேக்கிறீங்களா?"

குடித்தார். நோன்பு திறந்தபின் ஒன்று, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு ஒன்று. முதலில் இருமல் கூடியது. பெட்டிக்குள்ளேயே ஒரு வள்ளம் கரைதட்டுவதுபோல ஒலித்தது. ஊருக்கு அது நிம்மதியாக இருந்தது. இருமலும் பாங்கும் முன்னெப்போதையும்விடத் தெளிவாகக் கேட்டன, சந்தேகம் எதுவுமில்லாமல் நோன்பு திறந்தார்கள். அபூதாஹிர் மட்டும் ஒவ்வொரு நாளும் பெருநாளை நினைத்து ஒரு பிடி சோறு குறைத்துச் சாப்பிட்டார். பிறகு சளி அறுந்தது. இருமல் மெலிந்தது. நோன்பின் கடைசிக் கிழமையில் ஒருநாள் மாலை, பெட்டி முனகியதும் மூச்சை இழுத்தார், இருமல் வரவில்லை. வழக்கமாக வருகிற விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோலக் கொஞ்சம் நின்று பார்த்தார். வரவில்லை. பாங்கு சொன்னார்.

வள்ளத்து அணியத்தில் நின்ற அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது. ஒரு பிசிறில்லாமல் கூரைகளுக்கு மேலே போய், குடாத் தண்ணீரைத் தொட்டு வந்தது. சொல்லி முடித்தபின், யாரோ நல்லவர் சொன்ன பாங்கைக் கேட்டவர்போல அவர் அடக்கமாக நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார். யாரும் தொழ வரவில்லை. தெருவில் ஒரு கோப்பைச் சத்தம்கூட இல்லை. மூதூர் முழுவதும் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது.

கடைசியில் ஸைனுலாப்தீன் ஹாஜியார் வந்தார். பழம் அவர் கையிலேயே இருந்தது.

"மோதினார், பெட்டிய நேரத்துக்குத் திருகினா என்ன? இருண்டுபோச்சு."

"திருகினனான் ஹாஜியார். பாங்கும் சொல்லி முடிஞ்சு."

"அது உங்கட பாங்கா? நான் நினைச்சன் காத்து மாறி அடிக்குது, கிண்ணியாவில சொல்றது கேக்குது எண்டு. இருமல் எங்க?"

"சுகமாயிட்டு."

ஹாஜியார் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு சுகமாக்கினீங்க?"

நோன்பு திறப்பதை முந்தினாலும் பிழை, வேணுமென்று பிந்தினாலும் பிழை. இந்த மனிதர் ஒரே மாதத்தில் இரண்டையும் ஊருக்குச் செய்துவிட்டார். அடுத்த நாள், பெருநாள் வரைக்குமாவது இருமச் சொல்லி அவருக்குக் கட்டளை பிறந்தது. அபூதாஹிர் கீழ்ப்படிகிற மனிதர். பெட்டிக்கு முன்னால் நின்று இருமினார். ஆனால் வராத இருமலை வரவழைத்தால் அது, அறைக்குள் பெண்கள் இருக்கிறார்களா என்று வாசலில் நின்று கேட்கிற ஆம்பிளையின் செருமல்போல இருந்தது. ஊரில் ஒரு கை உயரவில்லை. சில வீடுகளில் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "யாரு?" என்று கேட்டார்கள்.

மறுபடியும் கூட்டம். அசருக்குப் பின்னால், எல்லாரும் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

"சனம் நம்புதில்ல" என்றார் ஹாஜியார். "இருமினா நோன்பு முறியுது, இருமாட்டிப் பிந்துது, நடிச்சா பொம்புளைகள் பயப்படுகுதுகள். நான் என்ன செய்யட்டும் மோதினார்? அலியாரத்தான் போடவேணும்."

சாக்கூசி அபூதாஹிருடைய சட்டைப் பையில்தான் இருந்தது; விரலால் அதன் முனையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அலியார் எழும்பினார். பல வருடமாகக் காத்திருந்த எழும்பல் அது. மழைக்குள் கதிரையில் குந்தியிருந்ததில் ஆள் கொஞ்சம் மெலிந்திருந்தார். சபைக்கு ஸலாம் சொல்லிவிட்டு, ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்வதற்காக மூச்சை இழுத்தார்.

இருமல் வந்தது. மழையில் ஊறி, சாக்குக்குள் பழுத்து, அடிநெஞ்சிலிருந்து கிளம்பிய அசல் இருமல். சுவரில் பட்டுத் திரும்பியது.

பள்ளிக்குள் இருந்த அத்தனை வலது கைகளும் வாயை நோக்கி எழும்பின. ஹாஜியாருடைய கை தாடிவரை போய்விட்டது. அதை அங்கேயே நிறுத்தி, தாடியைத் தடவுவதுபோலச் செய்துகொண்டார்.

"சரி" என்றார் ஹாஜியார். "இருமல் ஒராள், பாங்கு ஒராள்."

அலியார் இதை நின்றபடியே யோசித்தார்.

"முதல்ல நான்தானே?"

"ஓம். முதல்ல நீங்கதான்."

"மைக்கிலதானே?"

"மைக்கிலதான்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அன்று மாலை பெட்டி முனகியதும் அலியார் முன்னால் வந்து இருமினார், விலகி நின்றார். அபூதாஹிர் பாங்கு சொன்னார். மூதூர் முழுவதும் ஒரே நேரத்தில் மென்றது. பெருநாளன்று அலியார் புதுச்சாரன் உடுத்து, இரண்டாம் வரிசையில் இருந்தவர் முதல் வரிசைக்கு வந்து தொழுதார். அபூதாஹிரைக் கண்ட கடைக்காரர் வழக்கம்போல எழும்பி நின்றார். ஆமினா உம்மா சுபஹுக்கு எழும்பித் தன் தொழுகையைத் தொழுதுவிட்டு மறுபடி படுத்தாள். இருமல் நோன்பு மாதத்து மாலைக்கு மட்டுந்தான்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு நோன்புக்கும் அப்படித்தான் நடந்தது. நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அலியார் மழையிலோ பனியிலோ கதிரையைப் போட்டுக்கொள்வார். தன் மரத்துப் பழத்தை அவர் நாக்கில் வைத்ததே இல்லை. பதவி அப்படி.

மரத்துக்குப் பெயர் பரவியது. மோதினாரின் இருமலையே அறுத்த புளித்தோடை என்று றுக்கியா சொல்ல, லோஞ்சில் வந்தவர்கள் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்ல, நிலாவெளியிலிருந்து கரைவலைக்காரர் வந்தார்கள், கிண்ணியாவிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். மருமகன்மாரை அனுப்பினவர்களும் உண்டு. காய் எப்போது இறங்கியதென்று அலியார் கேட்கவுமில்லை, வந்தவர் யாருக்கும் இல்லை என்று சொல்லவுமில்லை. பெருநாள் முடிந்ததிலிருந்தே மரத்தின் பயம் தெளிந்துவிட்டது என்றார். சுட்டுப் பிழிந்து குடித்தவர்களுக்கெல்லாம் இருமல் நின்றது. நிற்காதவர்கள் வந்து சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் மத்தியானம், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லிலிருந்து பாக்கியரத்தினம் என்று ஒருவர் வந்தார். கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், கிளாக்கர். கோப்புத் தூசியில் பிடித்த இருமல். பக்கத்து மேசைக்காரர் இடம்மாற்றம் கேட்டு எழுதிவிட்டார் என்றார். அபூதாஹிர் அவரை உள்ளே கூட்டிவந்து கதிரை கொடுத்தார். ஆமினா உம்மாவும் அங்கேதான் இருந்தாள், முற்றத்துப் பக்கமாக உட்கார்ந்து முருங்கையிலை உருவிக்கொண்டு. அலியார் பழம் பறிக்கக் கொக்கத்தடியோடு மரத்தடிக்குப் போயிருந்தார்.

றுக்கியா எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொன்னாள். எண்ணெய்த் தாங்கியையும் விடவில்லை.

"அம்மா, உண்மையிலேயே இந்த ஒரு பழந்தானா மாத்தினது?" என்று கேட்டார் பாக்கியரத்தினம், இருமலுக்கு நடுவே.

"தம்பி, என்ட கையால பிழிஞ்சு குடுத்தனான். இந்தா நிக்கிறார், கேளுங்க. அந்த மரத்துப் புளித்தோடை இல்லாட்டி இவர் இண்டைக்கு வரைக்கும் சாக்குத்தான் தச்சிருப்பார். ஊர்ப் பாங்கே அந்த மரத்தாலதான் நிக்கிது."

"ஓம்" என்றார் அபூதாஹிர். "கொஞ்சம் கசப்பு. மற்றபடி நல்ல மருந்து."

பாக்கியரத்தினம் மரத்தின் பக்கம் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார். அங்கே அலியார் தடியை உயர்த்தியபடி, எந்தப் பழத்தை விடுவது என்று தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

ஆமினா உம்மா முருங்கையிலையை மடியிலிருந்து சுளகில் தட்டினாள். அலியார் நிற்கிற தூரத்தைக் கண்ணால் ஒருமுறை அளந்துகொண்டாள்.

"அந்த வருசம் புளித்தோடையில ஒரு காயும் இறங்கல்ல தம்பி" என்றாள். "மனுசன் மரத்துக்குக் கீழ கதிரையப் போட்டுக் குந்தியிருக்கக்குள்ள நான் எப்படிப் புடுங்குற? நான் சுட்டு அனுப்பினதெல்லாம் கிணத்தடி நாரத்தங்காய்."